வலிக்கிறதா என்று கேட்க முடியாத பாதத்திற்கு அளவெடுப்பது எப்படி?

குடந்தைத் தோல்வினைஞர்

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் 22 ஆண்டுகளாகக் காலணி செய்து வருகிறேன். என் தந்தையார் உழவர்களுக்கு மாட்டுத்தோல் செருப்பு தைத்தவர். நான் கடந்த ஒன்பது ஆண்டுகளாகப் பெரும்பாலும் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு, மருத்துவர் தரும் சீட்டின்படி, எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர் அட்டையை உள்ளே வைத்த செருப்புகளைச் செய்கிறேன். என் கையால் நேர்ந்த ஒரு தவற்றைச் சொல்லி, இத்தொழிலை அறிந்தவர்களிடம் வழி கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வலங்கைமான் பக்கத்து உழவர் ஒருவர், வயது 58, இரண்டு மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தார். எப்போதும் செய்வது போலவே பழுப்புத் தாளில் பாதத்தை வைத்துக் கோடு வரைந்து, நாடாவால் விரலடி, புறங்கால், கணுக்கால் ஆகிய மூன்று இடங்களிலும் சுற்றளவு எடுத்துச் செருப்பு தைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்து நான்கு அடி நடந்தார். எங்கேயாவது கடிக்கிறதா என்று கேட்டேன். பஞ்சு போல இருக்கிறது என்று சொல்லி மகிழ்ச்சியாகவே வாங்கிச் சென்றார். பதினொன்றாம் நாள் அவருடைய மனைவி அவரை அழைத்து வந்தார். வலது காலின் சுண்டுவிரல் அடியில், வெளிப்புற ஓரத்தில், ஒரு ரூபாய் நாணய அளவில் புண். அவருக்கு அது தெரியவே இல்லை. திண்ணையில் ஈரக்கறை படிந்திருந்ததைப் பார்த்து மனைவிதான் கண்டுபிடித்திருக்கிறார்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. செருப்புக் கடி என்பது எங்கள் தொழிலில் சிறிய விஷயம். வாங்கியவர் மறுநாள் திரும்பி வந்து இடத்தைக் காட்டுவார், நாங்கள் தட்டியோ தளர்த்தியோ கொடுப்போம். கடித்தாலும் சொல்லத் தெரியாத பாதத்திடம் அந்த வழக்கம் செல்லாது என்று எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கடி புண்ணாவதற்கு முன் அதைக் கண்டுகொள்ள நீங்கள் என்ன கருவி வைத்திருக்கிறீர்கள், என்ன முறையைப் பின்பற்றுகிறீர்கள் என்று விரிவாகச் சொல்லுங்கள்.

தஞ்சை செவிலியர்

ஐயா, முதலில் ஒன்று: அந்தப் புண் முழுமையாக ஆறி, மருத்துவர் அனுமதிக்கும் வரை அந்தச் செருப்பை அவர் போடக் கூடாது. புண் உள்ள பாதத்திற்குச் செருப்பு சிகிச்சை ஆகாது; ஆறிய பாதத்தில் மீண்டும் புண் வராமல் காப்பதே அதன் வேலை.

இனி உங்களிடம் மூன்று கேள்விகள். அளவெடுத்தது காலையிலா, மாலையிலா? அவர் உட்கார்ந்திருந்தாரா, நின்றாரா? இரண்டு கால்களையும் தனித்தனியாக அளந்தீர்களா? பாதம் காலையில் ஓர் அளவிலும் பொழுது சாயும்போது வேறோர் அளவிலும் இருக்கும், சித்திரை வெயிலில் வரப்பில் நின்றுவிட்டு வருபவருக்கு இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். உட்கார்ந்த நிலையில் பாதத்தின் மீது உடல் எடை இறங்குவதில்லை. நின்றவுடன் வளைவு தாழ்ந்து, நீளமும் அகலமும் கூடுகின்றன. ஆகவே மாலையில், நின்ற நிலையில், இரு கால்களையும் அளந்து, பெரிய காலுக்கு ஏற்பத் தொடங்குவதே முறை.

அளவெடுப்பதற்கு முன்பே உணர்வைச் சோதித்துவிட வேண்டும். அதற்கு 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை உண்டு. ஒரு கைப்பிடியில் பொருத்தப்பட்ட அந்த இழையைப் பாதத்தின் அடியில் செங்குத்தாக வைத்து, அது வளையும் வரை ஓரிரு நொடிகள் அழுத்த வேண்டும். அவர் கண்களை மூடிக்கொண்டு, தொட்டது தெரிகிறதா, எந்தக் காலில் என்று சொல்ல வேண்டும். பெருவிரல் அடியிலும் விரலடி எலும்பு முனைகளிலும் தெரியவில்லை என்றால், அவருடைய 'கடிக்கவில்லை' என்ற சொல்லை நீங்கள் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காய்ப்பு ஏறிய இடத்தின் மீது வைத்துச் சோதிக்காதீர்கள். அங்கே உணர்வுள்ளவருக்கும் தெரியாது.

இன்னொன்று சூடு. புறங்கையால் இரு பாதங்களையும் ஒரே இடத்தில் தொட்டு ஒப்பிடுங்கள். தோல் வெப்பம் அளக்கும் சிறு கருவி இருந்தால், இரு கால்களின் அதே இடங்களுக்கிடையே 2.2 பாகை செல்சியஸுக்கு மேல் வேறுபாடு தொடர்ந்து தெரிந்தால் அது எச்சரிக்கை. ஒரு பாதம் மட்டும் சூடாகவும் சிவந்தும் வீங்கியும் இருந்து, புண் எதுவும் இல்லை என்றால், அன்றைக்குச் செருப்புக்கு அளவெடுக்கவே வேண்டாம். உள்ளே எலும்பு மூட்டுகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம், உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

திருவையாறு–திரோல்

வணக்கம் அண்ணா. நான் திருவையாற்றைச் சேர்ந்தவன். ஆஸ்திரியாவின் திரோல் மலைப்பகுதியில் பனிச்சறுக்குப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றில் காலணி பொருத்துபவனாக ஆறு பனிப்பருவங்களாக வேலை செய்கிறேன். என் வேலைக்கும் உங்கள் வேலைக்கும் தொடர்பு இருக்குமா என்ற தயக்கத்துடன்தான் எழுதுகிறேன். ஆனால் உங்கள் பதிவைப் படித்த பிறகு, நான் செய்யும் ஒவ்வொன்றையும் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

பனிச்சறுக்குக் காலணி என்பது கெட்டியான பிளாஸ்டிக் ஓடும் அதற்குள் கழற்றி மாட்டக்கூடிய நுரை உள்ளுறையும் சேர்ந்தது. அளவு எண் என்பது பாதத்தின் நீளமே, 26.5 என்றால் 26.5 சென்டிமீட்டர். முதலில் உள்ளுறையை வெளியே எடுத்துவிட்டு, வாடிக்கையாளரை வெறும் ஓட்டுக்குள் நிற்கவைத்து, விரல் நுனிகள் முன்சுவரை மெல்லத் தொடும்படி பாதத்தை நகர்த்தச் சொல்வோம். அப்போது குதிகாலுக்கும் பின்சுவருக்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளப்போம். ஒரு சென்டிமீட்டரிலிருந்து ஒன்றரை வரை இருந்தால் இறுக்கமான, விரைந்து சறுக்குவோருக்கான பொருத்தம். இரண்டு வரை இருந்தால் சுகமான பொருத்தம். அதற்கு மேல் இருந்தால் ஓடு பெரிது. காலணியைப் போட்டுக்கொண்டு எப்படி இருக்கிறது என்று சொல்வதைவிட இந்த இடைவெளி உண்மையைச் சொல்லும். கடைக்கு வரும் பலரும் பெரிய அளவையே விரும்புகிறார்கள். பெரிய ஓட்டுக்குள் பாதம் வழுக்கி விரல் முன்சுவரில் மோதும். அதைத் தடுக்கக் கொக்கிகளை இறுக்குவார்கள், இரத்த ஓட்டம் குறையும், விரல்கள் குளிரில் விறைக்கும். பிறகு காலணி சிறியது என்று நம்மிடமே வருவார்கள்.

ஓடு சரியாக அமைந்த பிறகுதான் நுணுக்க வேலை. சுண்டுவிரல் அடி எலும்பு, கணுக்கால் முட்டிகள், உட்கணுக்காலுக்குச் சற்று முன்னால் புடைத்திருக்கும் எலும்பு, குதிகாலின் பின்மேடு ஆகியவையே ஓட்டில் அழுந்தும் இடங்கள். அழுந்தும் எலும்பின் மீது உதட்டுச்சாயத்தைத் தடவிக் காலை உள்ளே விட்டால், அந்த இடம் அப்படியே பதிந்துவிடும். பதிந்த இடத்தில் ஓட்டை வெப்பக்காற்றால் சூடாக்கி, உள்ளிருந்து தள்ளும் அழுத்துக்கருவியால் வெளியே புடைக்கச் செய்து, கருவியை எடுக்காமலேயே குளிரவைப்போம்; முன்னதாக எடுத்துவிட்டால் பிளாஸ்டிக் தன் பழைய வடிவத்திற்கே திரும்பும். சிறிதளவு இடம் போதுமென்றால் சுழல் கருவியால் உட்புறத்தைத் தேய்த்தாலே ஆகிவிடும், ஆனால் ஓட்டின் கனத்தைப் பார்த்துக்கொண்டே தேய்க்க வேண்டும்.

இதுவரை எழுதிவிட்டு யோசித்தேன். என் கருவிகள் எல்லாமே வாடிக்கையாளரின் வலிக்குப் பின்னால் வருபவை. 'இங்கே வலிக்கிறது' என்று அவர் விரல் வைத்த இடத்தில்தான் நான் சாயம் தடவுகிறேன். உங்களுக்கு அந்த விரல் இல்லை. ஆகவே, நான் கடைசியில் செய்யும் பதிவுச் சோதனையை நீங்கள் முதலிலேயே, எல்லா எலும்பு மேடுகளிலும் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு எச்சரிக்கையும் உண்டு: என் தொழிலின் இறுக்கத்தை மட்டும் உங்கள் தொழிலுக்குக் கொண்டு வராதீர்கள்.

மன்னார்குடி செருப்புக் கடை

நான் முப்பது ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கிறேன், சர்க்கரை நோயாளிகளுக்கான ஆயத்தச் செருப்புகளையும் விற்கிறேன். இந்த இழை ஒவ்வொரு நோயாளிக்கும் தனித் தையல் தேவை என்பது போலச் செல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தைத்த செருப்புக்கு நோயாளி இரண்டு மூன்று முறை பேருந்து ஏறி வர வேண்டும், விலையும் கூடுதல். விளைவு என்னவென்றால், அவர் எதையும் வாங்காமல் ரப்பர் ஹவாய்ச் செருப்பிலேயே நடக்கிறார். விரலிடையில் பட்டை இல்லாத, பின்வார் உள்ள, மென்மையான ஆயத்தச் செருப்பு அவரிடம் போய்ச் சேர்ந்தால் அதுவே பெரிய பாதுகாப்பு இல்லையா?

தஞ்சை செவிலியர்

கடைக்காரர் ஐயா சொல்வதில் உண்மை இருக்கிறது. பாதத்தின் வடிவம் கெடாமல், முன்பு புண் வந்திராதவராக இருந்தால், பொருந்தும் ஆயத்தச் செருப்பே போதும். விரல்கள் மடங்கியவர்கள், ஒரு விரலை இழந்தவர்கள், விரலடி எலும்பு புடைத்தவர்கள், ஒருமுறையேனும் புண் வந்து ஆறியவர்கள் ஆகியோருக்கு மட்டும் அது போதாது. ஆனால் 'மென்மையானது' என்ற ஒரே தகுதியை வைத்து விற்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உள்நீளம் பாதத்தைவிட 1 முதல் 2 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும், உள்ளகலம் விரலடியின் அகலத்திற்குச் சமமாக இருக்க வேண்டும், விரல்களின் மேற்புறம் எதிலும் உரசாத உயரம் வேண்டும். வாங்குபவரை நிற்கவைத்து இந்த மூன்றையும் பார்த்துக் கொடுத்தால் உங்கள் கடை பலருக்குக் காலைக் காப்பாற்றிக் கொடுக்கும்.

மன்னார்குடி செருப்புக் கடை

நின்று பார்க்கும் வழக்கம் என் கடையில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாற்காலியில் உட்காரவைத்தே போட்டுக் காட்டுகிறோம். நாளை முதல் மாற்றுகிறேன். கடையில் பயன்படுத்த எளிய அளவுக்கருவி ஏதேனும் உண்டா?

திருச்சி தாங்கணி நுட்புநர்

நான் திருச்சியில் செயற்கைக் கால்களும், பலவீனமான கைகால்களைத் தாங்கிப் பிடிக்கும் தாங்கணிகளும் செய்யும் பணியில் இருக்கிறேன். கடைக்காரர் ஐயாவுக்கு முதலில் விடை: 1920-களில் அமெரிக்காவில் பிரானக் என்பவர் உருவாக்கிய உலோக அளவுப்பலகை இன்றும் உலகெங்கும் கடைகளில் உள்ளது. அதில் குதிகாலிலிருந்து விரல் நுனி வரையுள்ள நீளம், குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரையுள்ள நீளம், அகலம் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் தெரியும். இரண்டாவது அளவைப் பலரும் பார்ப்பதில்லை. நீளம் ஒன்றாக இருக்கும் இருவரில் ஒருவருக்கு விரல்கள் குட்டையாகவும் மற்றவருக்கு நீண்டும் இருக்கலாம். செருப்பு மடங்கும் இடம் பெருவிரல் மூட்டோடு பொருந்தவில்லை என்றால் ஒவ்வோர் அடியிலும் உராய்வு உண்டு.

குடந்தை ஐயாவுக்குச் சற்று விரிவாக எழுதுகிறேன். நாம் வேலை செய்யும் இந்தத் துறைக்கு வேர் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1946-இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்கள் நோயால் தாமே அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் மீண்டும் மீண்டும் அடிபடுவதால்தான் சிதைகின்றன என்று காட்டினார். நுண்துளை ரப்பரான எம்.சி.ஆர். அந்தப் பாதங்களுக்காகவே இங்கே பரவலானது. சர்க்கரை நோயாளிகளுக்கு அது பிறகு வந்தது. உள் அட்டைக்கு, ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் அளவுகோலில் ஏறத்தாழ 15 உள்ள எம்.சி.ஆர். வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே இறங்க வேண்டும், ஆனால் அடியில் உள்ள பலகையை விரல் உணரக் கூடாது. விரல் பலகையைத் தொட்டுவிட்டால் அது தட்டையாகிவிட்ட அட்டை. எத்தனை புதியதாக இருந்தாலும் பயனில்லை. சில மாதங்களில் எடைமிகுந்த இடத்தில் அட்டை தட்டையாகிவிடும் என்பதால், செருப்பு கிழியும் வரை காத்திருக்காமல் அட்டையை மட்டும் மாற்றிக் கொடுங்கள்.

அழுத்தம் எங்கே கூடுகிறது என்பதைப் பார்க்க, விலையுயர்ந்த மின்னணுத் தகடுகள் இல்லாமலேயே ஒரு வழி உண்டு. ஹாரிஸ் பாய் என்ற, வெவ்வேறு உயரமுள்ள நுண்கோடுகள் கொண்ட ரப்பர் விரிப்பில் மை தடவி, அதன் மேல் தாளை வைத்து நடக்கச் செய்தால், அழுத்தம் மிகுந்த இடம் கருமையாகவும் குறைந்த இடம் வெளிறியும் பதியும். அந்தத் தாளைத் தேதியிட்டுப் பத்திரப்படுத்துங்கள். விரலடி எலும்பு முனைகளில் கருமை விழுந்தால், அந்த முனைகளுக்குச் சற்றுப் பின்னால், அவற்றின் மீது அல்லாமல், உள் அட்டையில் ஒரு மேட்டை ஒட்ட வேண்டும். மேடு சிறிதளவு முன்னே போய்விட்டாலும் நாம் காக்க நினைத்த எலும்பையே அது குத்தும். அடியை விறைப்பாகச் செய்து முன்பகுதியைப் படகின் மூக்குப் போல வளைத்துவிட்டால் விரல்கள் மடங்காமலேயே கால் உருண்டு முன்னேறும். முன்பாதத்தின் சுமை கணிசமாகக் குறையும். வடிவம் மிகவும் கெட்ட பாதத்திற்குத் தாளில் வரைந்த கோடு போதாது. மாவுக்கட்டுத் துணியால் அச்செடுத்து, அந்த அச்சின் மீதே அட்டையைச் சூடாக்கிப் படியவைக்க வேண்டும்.

ஆணி அடிக்காதீர்கள். ஒட்டும் சொல்யூஷனும் தையலும் மட்டுமே. உங்கள் தொழிலில் இதை நீங்கள் அறிந்திருப்பீர்கள், ஆனால் பழுது பார்க்க வேறு இடத்தில் கொடுக்கும்போது ஆணி இறங்கிவிடுகிறது என்பதை நோயாளியிடம் சொல்லி அனுப்புங்கள்.

மயிலாடுதுறை மகள்

இங்கே கேட்கலாமா என்று தெரியவில்லை. என் அம்மாவுக்கு இடது காலில் யானைக்கால் வீக்கம். சர்க்கரை இல்லை, உணர்வும் இருக்கிறது. காலையில் சிறிது வடிந்தும் மாலையில் கூடியும் இருக்கிறது. எந்தச் செருப்பின் வாரும் புறங்காலில் பதிந்து பள்ளமாகிவிடுகிறது, விரலிடுக்குகளில் அடிக்கடி புண்ணாகிறது. திருவையாற்றுத் தம்பி சொன்னது போலச் சூடாக்கி விரித்துக் கொடுக்கும் காலணி ஏதாவது அம்மாவுக்குச் செய்ய முடியுமா?

திருவையாறு–திரோல்

அக்கா, அது முடியாது. நான் விரிப்பது ஒருமுறை விரித்தால் அப்படியே நிற்கும் பிளாஸ்டிக். காலையில் ஓர் அளவும் மாலையில் வேறோர் அளவும் உள்ள காலுக்கு நிலையான ஓடு எதிரி. நாள் முழுவதும் கூட்டியும் குறைத்தும் கட்டக்கூடிய வாரே தேவை.

குடந்தைத் தோல்வினைஞர்

அம்மா, இந்த வேலை எனக்குப் பழக்கமானது. கும்பகோணம் பகுதிக்கு யானைக்கால் புதிய நோய் அன்று. என் தந்தையார் காலத்திலிருந்தே இத்தகைய கால்களுக்குத் தைத்திருக்கிறோம். உங்கள் அம்மாவுக்கு முன்பகுதி முழுவதும் திறந்து விரியும் செருப்பு வேண்டும், காலை நுழைக்காமல் வைத்து மூடும்படியாக. வார்கள் குறைந்தது நான்கு விரல் அகலம் இருந்தால் பள்ளம் விழாது. ஓரங்களில் மடித்துத் தைக்காமல், மென்தோலைச் சுற்றிலும் வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். ஒட்டும் பட்டையை நீளமாக விட்டால் மாலையில் தளர்த்திக்கொள்வார். இரு கால்களுக்கும் இரு வேறு அளவு என்பதால் ஜோடியாக வாங்கும் செருப்பு எதுவும் உதவாது, அதில் மனம் தளர வேண்டாம். அளவெடுப்பதற்கு முன், விரலிடுக்குகளைத் தினமும் கழுவி, துணியால் ஒற்றி ஈரமின்றி உலர்த்தி, புண்ணை ஆற்றிக்கொண்டு மாலையில் அழைத்து வாருங்கள்.

தஞ்சை செவிலியர்

அந்த விரலிடுக்குப் புண்களே கிருமி உள்ளே புகும் வழி, திடீர்க் காய்ச்சலுக்கும் வீக்கம் கூடுவதற்கும் அதுவே காரணம். செருப்பைவிட முதலில் அதைக் கவனியுங்கள், அம்மா.

குடந்தைத் தோல்வினைஞர்

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். உழவரின் புண் ஆறிவிட்டது. மருத்துவர் புதிய செருப்புக்குச் சீட்டு கொடுத்திருக்கிறார். நீங்கள் சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்ததில் எனக்குத் தெரியவந்ததை மறைக்காமல் சொல்கிறேன்.

முன்பு அவருக்குக் காலை பத்து மணிக்கு, முக்காலியில் உட்காரவைத்து அளவெடுத்திருந்தேன். பழைய தாள் என்னிடம் இருந்தது. இப்போது மாலை ஐந்தரை மணிக்கு நிற்கவைத்து வரைந்த கோட்டை அதன் மீது வைத்தபோது, வலது முன்பாதம் 8 மில்லிமீட்டர் அகலமாக இருந்தது. சுண்டுவிரல் பக்கமே அதிகம் விரிந்திருந்தது. ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. பழைய செருப்பைக் கையில் எடுத்து வாரைத் தடவியபோது அது ஓலை போல விறைத்திருந்தது. விசாரித்ததில், வாய்க்கால் கரையில் சேறு பட்ட செருப்பைக் கழுவி ஓட்டுக்கூரையின் மீது வெயிலில் காயவைத்திருக்கிறார்கள். நனைந்த தோல் வெயிலில் காய்ந்தால் சுருங்கி விறைக்கும் என்று எனக்குத் தெரியும். வாங்கிச் சென்றவருக்கு நான் சொல்லவில்லை. விறைத்த வாரின் உள்மடிப்பு, விரிந்த எலும்பின் மீது சரியாக உட்கார்ந்திருக்கிறது.

தம்பி சொன்ன பதிவுச் சோதனைக்கு உதட்டுச்சாயத்திற்குப் பதில் என் மனைவியின் சாந்துப்பொட்டைப் பயன்படுத்தினேன். புண் ஆறிய இடத்தை விட்டுவிட்டு, மற்ற எலும்பு மேடுகளில் மெல்லத் தடவி, சோதனைச் செருப்புக்கு உள்ளே வெள்ளைத் துணி ஒட்டி, கடைக்குள் இருபது அடி நடக்கச் செய்தேன். பெருவிரல் மூட்டின் உட்பக்கம், நான் எதிர்பார்க்கவே இல்லாத ஓர் இடத்தில், அழுத்தமான சிவப்புப் பதிவு விழுந்தது. அவரிடம் கேட்டேன், அங்கே எதுவும் படவில்லை என்றார். துணியைப் பிரித்துக் காட்டியபோது நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் வாரை அரை விரல் பின்னுக்கு நகர்த்தித் தைத்திருக்கிறேன்.

வாருக்கு இம்முறை தோலைத் தவிர்த்து, நனைந்தாலும் விறைக்காத செயற்கைத் துணியை, உள்ளே மென்நுரை வைத்துத் தைத்தேன். தோலை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஐப்பசியில் நம் வரப்புகளில் தோல் என்ன பாடுபடும் என்பதை நினைத்தால் இதுவே சரி.

திருவையாறு–திரோல்

அண்ணா, கணுக்கால் மடங்குகிறதா என்பதையும் பார்த்தீர்களா? நாங்கள் முழங்காலை நீட்டச் சொல்லி முன்பாதத்தை மேல்நோக்கித் தள்ளிப் பார்ப்போம். மேலே வராத விறைத்த கணுக்காலாக இருந்தால் பனிச்சறுக்குக் காலணிக்குள் குதிகாலைச் சிறிது உயர்த்திக் கொடுப்போம்.

திருச்சி தாங்கணி நுட்புநர்

நல்ல கேள்வி. நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்குக் குதிகாலின் பின்னுள்ள தசைநாண் இறுகிக் கணுக்கால் விறைப்பது உண்டு. அவர்களுக்குக் குதிகால் தரையை விட்டு விரைவில் எழும்புவதால் முன்பாதமே நெடுநேரம் சுமையைத் தாங்குகிறது. ஆனால் இங்கே குதியை உயர்த்தினால் முன்பாதத்தின் சுமை கூடவும் கூடும். ஆகவே அதைச் செய்வதற்கு முன் ஹாரிஸ் பாயில் ஒரு பதிவும் செய்த பின் ஒரு பதிவும் எடுங்கள்; அடியை உருள்வளைவாக அமைப்பதே பெரும்பாலும் பாதுகாப்பானது. உங்கள் இருவருக்கும் சோதனை ஒன்று, தீர்வு வேறு.

தஞ்சை செவிலியர்

கொடுத்தனுப்பும்போது ஒரு நடைமுறையையும் சேர்த்துக் கொடுங்கள். முதல் நாள் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் மட்டும். கழற்றிய உடன் இரு பாதங்களையும், அடிப்பக்கத்தைக் கண்ணாடியில் வைத்து, மனைவி பார்க்க வேண்டும். சிவப்பு அரைமணி நேரத்திற்குள் மறையவில்லை என்றால் மேலே போடாமல் உங்களிடம் கொண்டு வர வேண்டும். மறைந்தால் மறுநாள் இரண்டு மணி நேரம். போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். சீமைக்கருவேல முள் அடியைத் துளைத்து உள்ளே நின்றிருந்தால் மரத்த பாதத்திற்குத் தெரியாது.

கோயிலைப் பற்றியும் பேசிவிடுங்கள். நம் ஊரில் இதைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாக ஆகும். செருப்பை வெளியே விட்டுவிட்டு, நண்பகலில் கருங்கல் பிரகாரத்தில் நடந்து இரு பாதங்களும் வெந்துபோனவர்களுக்கு நான் கட்டுப்போட்டிருக்கிறேன். போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வெயில் ஏறுவதற்கு முன் போகச் சொல்கிறேன், கெட்டியான பருத்திக் காலுறையைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன்.

குடந்தைத் தோல்வினைஞர்

அவர் மாதந்தோறும் கிருத்திகைக்குச் சுவாமிமலைக்குப் போகிறவர். அறுபது படிகளையும் வெறுங்காலால் ஏறுவது அவருடைய நாற்பதாண்டு வழக்கம். நீங்கள் சொன்னதைச் சொன்னேன். முதலில் முகம் மாறியது. பிறகு விடியற்காலையில் காலுறையோடு போவதாக ஒப்புக்கொண்டார். வயலில் இறங்குவதை மட்டும் அவரால் உடனே விட முடியவில்லை. நடவுக்கு ஆள் வைத்துக்கொண்டு வரப்பிலிருந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு செய்தி. செருப்பைக் கொடுத்தபோது அவர் முதலில் கேட்டது, இது நோயாளிச் செருப்பு என்று பார்ப்பவர்களுக்குத் தெரியுமா என்பதே. பழைய கறுப்பு எம்.சி.ஆர். செருப்பைத் தொழுநோயாளிகள் வீட்டிலேயே மறைத்து வைத்ததை என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால் இதைப் பழுப்பு நிறத்தில், கடையில் விற்கும் சாதாரணச் செருப்பின் தோற்றத்திலேயே தைத்திருந்தேன். அவர் அதைப் போட்டுக்கொண்டே தெருவில் இறங்கிப் போனார்.

திருவையாறு–திரோல்

அண்ணா, போன வாரம் என் கடைக்கு ஐம்பது வயதுடைய ஒருவர் வந்தார். எந்தக் காலணியைப் போட்டாலும் எங்கும் வலிக்கவில்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். முன்பென்றால் எளிதான வாடிக்கையாளர் என்று மகிழ்ந்திருப்பேன். இந்த முறை உட்காரவைத்துச் சர்க்கரை உண்டா என்று கேட்டேன். பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறதாம். அன்றைக்கு அவருக்கு எதையும் விற்கவில்லை. பாதத்தை மருத்துவரிடம் காட்டிவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். அவர் திரும்பி வந்தால் உள்ளுறைக்குள் வெள்ளைத் துணியை ஒட்டித்தான் தொடங்குவேன்.

குடந்தைத் தோல்வினைஞர்

துணியை நான்கு ஓரமும் இழுத்து ஒட்டுங்கள் தம்பி. சுருக்கம் விழுந்தால் அந்தச் சுருக்கமே பதிவாகிவிடும். எனக்கு முதல் முறை அப்படித்தான் ஆயிற்று.

உழவர் நேற்று மூன்றாவது வாரச் சோதனைக்கு வந்தார். இரு பாதங்களும் ஒரே வெப்பத்தில் இருக்கின்றன, சிவப்பு எங்கும் இல்லை. பெருவிரல் மூட்டின் உட்பக்கம் மட்டும் துணியில் இன்னும் மெல்லிய சாயல் விழுகிறது. அந்த இடத்து நுரையைச் சீவிவிட்டு, வரும் வெள்ளிக்கிழமை மாலை மீண்டும் வரச் சொல்லியிருக்கிறேன்.